நீராவி எஞ்சின் மாடல் செய்ய எந்த லேத்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். குலசேகரத்துக்குப் பக்கத்தில் வீடும் கொஞ்சம் ரப்பர் விளையும் உண்டு. நீராவி எஞ்சினைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே சர்வீஸ் முடிந்துவிட்டது. ஓடுகிற எஞ்சின் ஒன்றைக் கையால் செய்து பார்க்க ஆசை. முதலில் சின்ன நீராவி எஞ்சின், கை பழகினால் அப்புறம் ஒரு பெட்ரோல் எஞ்சின். ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மூன்று லேத்கள் (கடைசல் மெஷின்கள்) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஆன்லைனில் வருகிற 12 வோல்ட் குட்டி லேத். இரண்டாவது, 180 மில்லிமீட்டர் ஸ்விங் (சுழல விடக்கூடிய அதிகபட்ச விட்டம்), 300 மில்லிமீட்டர் நீளம் என்று போட்டிருக்கும் சீன மினி லேத். மூன்றாவது, தக்கலையில் மூடப்போகிற ஒரு பட்டறையின் பழைய நாலரை அடி லேத். மினி லேத்தை விட அது விலை குறைவு. "இரும்பு விலைக்கே கிடைக்கிறது, விடாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? வாங்கினால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: சார், உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஷீட் அடிக்கிற கொட்டகை வேண்டவே வேண்டாம். ரப்பர் பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலக்குகிற இடம் அது. அந்த ஆவி இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ரோலர் மெஷினில் பெயின்ட் உரிந்த இடங்களைப் பார்த்தாலே தெரியும். ரோலர் துருப்பிடித்தாலும் ஷீட் வரும். லேத்தின் பெட்டில், அதாவது மற்ற பாகங்கள் நகர்கிற அடித்தண்டவாளத்தில், துரு ஏறினால் அப்புறம் அது வெறும் மேஜைதான். வீட்டுக்குள்ளேயே, மழைச்சாரல் படாத ஓர் அறையைப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்று உலர்ந்திருக்கும் நாட்களை எண்ணிவிடலாம். வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து 68 நம்பர் ஸ்லைட்வே ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ தடவி, துணி போட்டு மூடினால் போதும். கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை மட்டும் தடவிவிடாதீர்கள். நாளாக ஆக அது பிசினாகிவிடும். இரும்புத்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, டூலைச் சுமந்து நகர்கிற ஸ்லைடைத் தேய்க்கும்.

இனி லேத்துக்கு வருவோம். அந்த 12 வோல்ட் குட்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மரத்தில் மணி கடைய, பிளாஸ்டிக் சீவ அது போதும். இரும்பில் டூலை வைத்தால் மோட்டார் நின்றுவிடும், அல்லது டூல் போஸ்ட் வளைந்து கொடுக்கும். பித்தளையில் கூட 0.1 மில்லிக்கு மேல் வெட்ட யோசிக்கும். விலையைப் பார்த்து "பழகுவதற்கு இது, அப்புறம் பெரியது" என்று நினைக்கத் தோன்றும். அதில் பழகினால், வராத வேலைக்கெல்லாம் உங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வீர்கள்.

உண்மையான போட்டி மினி லேத்துக்கும் தக்கலை லேத்துக்கும்தான். ஊரே பழைய லேத் பக்கம் நிற்பதில் ஆச்சரியமில்லை. கனம்தான் லேத்துக்குப் பலம், அதிர்வைத் தின்றுவிடும். அது சரிதான். நாகர்கோவிலில் என் பட்டறையில் படகு புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏற்றுகிற லேத்தும் அந்த ரகம்தான், அதைக் கொடுத்துவிட்டு மினி லேத் வாங்க மாட்டேன். ஆனால் உங்கள் வேலை ஷாஃப்ட் அல்ல. நீங்கள் செய்யப்போகும் எஞ்சினில் பெரிய பாகம் என்று ஒன்றுதான் இருக்கும், அது ஃப்ளைவீல் என்கிற கனச்சக்கரம். மற்றதெல்லாம் சுண்டுவிரலுக்குள் அடங்குகிற சாமான்.

மாடல் எஞ்சின் உலகத்தில் நெடுங்காலமாக எல்லோரும் செய்து பார்க்கிற ஸ்டூவர்ட் 10வி என்கிற இங்கிலாந்து மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் போர் (உள்விட்டம்) முக்கால் இஞ்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) முக்கால் இஞ்ச், ஃப்ளைவீல் 3 இஞ்ச், அதாவது 76 மில்லி. பிஸ்டன் ராடு, வால்வு ராடு எல்லாம் சில மில்லி குறுக்களவுதான். இப்போது உங்கள் பாடத்துக்கே வருகிறேன். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் மைல்ட் ஸ்டீலை நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று வைத்துக்கொண்டால், 6 மில்லி ராடுக்கு 1,300 சுற்று வேண்டும். 3 மில்லி ராடுக்கு 2,600. பெல்ட்டும் கோன் புல்லியும் போட்ட பழைய நாலரை அடி லேத்தில் மேல் வேகம் பெரும்பாலும் சில நூறு சுற்றுதான். மெதுவாக ஓட்டினாலும் வெட்டும்தான், ஆனால் 3 மில்லி ராடு டூலுக்கு வளைந்து கொடுத்து, மேற்பரப்பு பிய்த்த மாதிரி வரும். அதை விடப் பெரிய தொந்தரவு, சாமானைப் பிடித்துச் சுழற்றுகிற சக். அந்த லேத்தில் இருப்பது 8 இஞ்ச் சக்காக இருந்தால், அதன் தாடைகளான ஜா மூன்றும் மூடினாலும் நடுவில் 3 மில்லி ராடு ஆடிக்கொண்டிருக்கும். சின்ன ராடை இறுக்கிப் பிடிக்கிற காலெட் போட்டுச் சமாளிக்கலாம், அது தனிச் செலவு.

ஃப்ளைவீலுக்கு இதே கணக்கைப் போட்டால் நேர்மாறாக வரும். 76 மில்லி வார்ப்பிரும்பை 20 மீட்டர் வேகத்தில் வெட்ட 85 சுற்று போதும். மினி லேத்தின் விளம்பரத்தில் 50 முதல் 2,500 சுற்று என்று போட்டிருக்கும். சுற்றும், பொய்யில்லை. ஆனால் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலில் வேகத்தைக் குறைத்தால் பலமும் சேர்ந்து குறைகிறது. லோ கியரில் போட்டாலும் 85 சுற்றில் வார்ப்பின் மேல்தோலை வெட்டுவது அதற்குச் சிரமம். வார்ப்பின் தோல் மணலும் கடினமுமாக இருக்கும். முதல் வெட்டு அந்தத் தோலுக்கு அடியில் போக வேண்டும், மேலோடு உரசினால் டூல்முனை போய்விடும். மினி லேத் திணறுகிற இடம் இதுதான்.

ஆனால் ஒரு எஞ்சினுக்கு ஒரு ஃப்ளைவீல்தானே? தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் டீ குடித்து வருவதற்குள் தோலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விளிம்பில் அரை மில்லியும், நடுவில் ஓட்டை போடாமலும் விட்டுத் தரச் சொல்லுங்கள். ஃபினிஷிங்கை உங்கள் மினி லேத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். பெரிய வேலைக்கு நம் ஊரில் எத்தனை பட்டறை வேண்டுமானாலும் இருக்கிறது. 2 மில்லி வால்வு பின் ஒன்று செய்து கொடுங்கள் என்று போய் நின்றால்தான் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் நீங்கள் காசு போட வேண்டியது சின்ன வேலைக்கான லேத்தில். என் ஓட்டு 180 மில்லி மினி லேத்துக்கு.

தக்கலை லேத்தை இப்படியே விட்டுவிட மனசு வராது, தெரியும். சரி, போய்ப் பாருங்கள், பார்க்கக் காசில்லை. ஆனால் நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டுகிற டயல் கேஜும் ஒரு மைக்ரோமீட்டரும் கையோடு இருக்கட்டும். முதலில், பெட்டின் மேல் டூலைச் சுமந்து ஓடுகிற கேரேஜைச் சக் பக்கம் கொண்டுவந்து, லேசாக இழுபடுகிற மாதிரி கேரேஜ் லாக்கை முறுக்குங்கள். அப்படியே எதிர்முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக் பக்கத்து பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டறை லேத்தில் முக்கால்வாசி வேலை அந்த ஓரடிக்குள் நடந்திருக்கும், உங்கள் வேலை முழுவதும் நடக்கப்போவதும் அதே ஓரடியில்தான். பெட் கிரைண்டிங் செய்தால்தான் அது தீரும். அந்தச் செலவைக் கூட்டினால் இரும்பு விலை இரும்பு விலையாக இருக்காது.

அடுத்து, 25 மில்லி ராடு ஒன்றைச் சக்கில் பிடித்து 100 மில்லி வெளியே நிற்க விடுங்கள். டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்க வேண்டாம். நடுப்பகுதியைக் கொஞ்சம் பள்ளமாகக் கடைந்துவிட்டு, சக் பக்கம் ஒரு வளையம், நுனியில் ஒரு வளையம் மட்டும் நிற்க வையுங்கள். டயலைத் தொடாமல் ஒரே செட்டிங்கில், ஆட்டோ ஃபீடில், மிக மெல்லிய வெட்டாக இரண்டையும் ஓட்டுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டு வளையமும் 0.02 மில்லிக்குள் ஒத்துப்போனால் நல்ல லேத். 0.05 வித்தியாசம் வந்தால், முக்கால் இஞ்ச் சிலிண்டரைக் கடையும்போது அது கூம்பாகத்தான் வரும். சக்கைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைத் திருப்பிச் சரி செய்யலாம் என்பார்கள். பெட் நன்றாக இருந்தால் செய்யலாம். அப்புறம், சக்கின் உடம்பில் டயல் கேஜை வைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்து நெம்பிப் பாருங்கள். முள் குதித்தால் ஸ்பிண்டில் பேரிங் லூஸ். இது பெட் தேய்மானம் அளவுக்குப் பயப்பட வேண்டிய விஷயமல்ல. இத்தனையும் தேறி, மூன்று ஃபேஸ் மோட்டாரை உங்கள் வீட்டு ஒற்றை ஃபேஸில் ஓட்ட ஒரு விஎஃப்டி வாங்கவும், பல நூறு கிலோவை இறக்கிக் கான்கிரீட் தளத்தில் உட்கார வைக்கவும் தயார் என்றால், வாங்குங்கள். தேறவில்லை என்றால் பட்டறைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மினி லேத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடக் கூடாது. ஒரே தொழிற்சாலை மாடலைப் பல பெயரில், பல நிறத்தில் விற்கிறார்கள். ஸ்விங் எண் எல்லாவற்றிலும் 180 தான். ஆனால் அது பெட்டுக்கு மேல் உள்ள அளவு. டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடுக்கு மேல் சுமார் 110 மில்லிதான் சுற்றும். உங்கள் 76 மில்லி ஃப்ளைவீலுக்கு அது தாராளம். வாட் எண்ணையும் நம்ப வேண்டாம். அது மோட்டார் இழுக்கிற மின்சாரமா, தண்டில் கிடைக்கிற பலமா என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நான் பார்க்கச் சொல்வது எடையை. இந்த அளவு லேத் 40 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 30 கிலோ என்றால் வார்ப்பில் கை வைத்திருக்கிறார்கள். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்கலாம், குறைந்த வேகத்தில் அது பிரஷ் மோட்டாரை விட நன்றாக இழுக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு தனியாக ஸ்டாக் இருக்கிறதா என்பது. இந்த லேத்தில் முதலில் போவது அதுதான். ஹெட்ஸ்டாக்குக்குள் பிளாஸ்டிக் கியர் இருந்தால் பதற வேண்டாம். டூல் சிக்கிக்கொண்டால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்தால் சரி.

பெட்டியைப் பிரித்ததும் ஓட்டிப் பார்க்கக் கை அரிக்கும். பொறுங்கள். கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுங்கள். அதில் வார்ப்பு மணல் இருக்கலாம். அப்புறம் ஸ்லைடுகளின் இறுக்கத்தைச் சரிசெய்கிற ஜிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகி, ஆட்டமில்லாமல், ஆனால் சிக்காமல் நகர்கிற இடத்தில் லாக் நட் போடுங்கள். பாதிப் பேர் "சீன லேத் மோசம்" என்று சொல்வது இந்த அரை நாள் வேலையைச் செய்யாததால்தான். அடுத்து கிராஸ் ஸ்லைடின் டயலைச் சோதியுங்கள். டயல் கேஜை வைத்துக் கைப்பிடியைச் சரியாக 10 சுற்று சுற்றினால் 10.00 மில்லி நகர வேண்டும். இந்த வகை லேத்தை இஞ்ச் நாட்டுக்கும் மில்லி நாட்டுக்கும் விற்கிறார்கள். 1 மில்லி ஸ்க்ரூவில் 40 கோடு போட்ட இஞ்ச் டயலை மாட்டி, சுற்றுக்கு 0.040 இஞ்ச் என்று கணக்குச் சொல்கிற லேத்களும் உண்டு. உண்மையில் அது 0.03937. ஒரு சுற்றில் தெரியாது, நாலு சுற்றில் வேலை கெட்டுவிடும். டயலில் ஒரு கோடு என்பது டூல் நகரும் தூரமா, விட்டத்தில் குறையும் அளவா என்பதையும் அப்போதே ஒரு ராடைக் கடைந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, ஹெட்ஸ்டாக்கில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றேகால் லட்சத்தையும் லேத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். நாலு ஜாவும் தனித்தனியாக நகர்கிற இண்டிபெண்டன்ட் சக் கண்டிப்பாக வேண்டும். மூணு ஜா சக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 0.05 மில்லி ஆட்டம் சகஜம், சிலிண்டர் பிளாக் போன்ற சதுரச் சாமானை அதில் பிடிக்கவும் முடியாது. நாலு ஜாவில் டயல் கேஜ் வைத்து சென்டர் எடுப்பது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் இரண்டு நிமிஷ வேலை. டெயில்ஸ்டாக்குக்கு எம்டி2 (மோர்ஸ் டேப்பர் 2) தண்டு உள்ள டிரில் சக், மேக்னட் ஸ்டாண்டோடு டயல் கேஜ், 0–25 மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர், 6 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டர், இவை இல்லாமல் லேத் ஓடும், எஞ்சின் வராது. ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷினும் பின்னாடியே தேவைப்படும். மில்லிங் மெஷின் ஆசையை இப்போது வளர்க்க வேண்டாம். நீராவி எஞ்சினில் அரமும் பொறுமையும் அந்த வேலையைச் செய்யும்.

டூலுக்கு, மாற்றி மாட்டுகிற கார்பைடு முனையான இன்சர்ட்டில் தொடங்காதீர்கள். சின்ன லேத்துக்குக் கூரான முனைதான் தோது. 8 மில்லி எச்எஸ்எஸ் பிட்டை நீங்களே கிரைண்டரில் பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள். இன்சர்ட் வாங்கியே தீருவேன் என்றால் சிசிஎம்டி ரகம் வேண்டாம், அலுமினியத்துக்கென்று பளபளப்பாக வருகிற சிசிஜிடி வாங்குங்கள். அது இரும்பையும் மெல்லியதாக அழகாக வெட்டும். டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் போதும். சக்கில் ராடைப் பிடித்து, ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்கேலை வைத்து மெதுவாக நெருக்குங்கள். ஸ்கேல் நேர் நிமிர்ந்து நின்றால் உயரம் சரி. மேல்நுனி உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, மறுபக்கம் சாய்ந்தால் உயரம் கூடுதல்.

கரென்ட் விஷயத்தில் குலசேகரம் பக்கம் இடி மின்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கிற ஆர்சிசிபி, நல்ல எர்த், ஒரு ஸ்டெபிலைசர். கரென்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாக ஓடக்கூடாது, அந்த மாதிரி நோ-வோல்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, வீட்டில்தானே என்று வேட்டியும் தோளில் துண்டுமாக லேத் முன் நிற்காதீர்கள். பேன்ட், அரைக்கைச் சட்டை, கண்ணாடி. கையுறை கூடவே கூடாது.

முதல் எஞ்சினுக்கு வார்ப்பு கிட் வாங்க வேண்டாம். சிலிண்டரே ஆடி ஆடித் துவாரங்களைத் திறந்து மூடுகிற ஆசிலேட்டிங் எஞ்சின் ஒன்றைச் செய்யுங்கள். வால்வே கிடையாது. 12 மில்லி போர், பித்தளைக் கட்டை, கொஞ்சம் ராடு, அவ்வளவுதான். போரை 0.2 மில்லி குறைவாகக் கடைந்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவுகிற ரீமர் விட்டால் தீர்ந்தது. பஞ்சர் கடையில் இருக்கிற மாதிரி கம்ப்ரஸர் காற்றில் ஓட்டுங்கள், 1 அல்லது 2 பார் அழுத்தத்திலேயே ஓடும். பாய்லரைத் தொடாதீர்கள். வீட்டிலேயே பற்றவைத்துச் செய்த பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்ததாக ஸ்டூவர்ட் மாதிரி ஒரு ஸ்லைடு வால்வு எஞ்சின் செய்து முடித்தபின் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி எழுதுங்கள். ரிங் போட்ட பிஸ்டன் என்றால் மினி லேத்தில் வரும். ரிங் இல்லாமல் ஓடுகிற குட்டி டீசல் என்றால் சிலிண்டரையும் பிஸ்டனையும் மைக்ரான் கணக்கில் நுண்தூள் தேய்த்து லேப்பிங் செய்ய வேண்டும், அதில் லேத்துக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை.

நல்ல டிராயிங் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருவது. அளவெல்லாம் இஞ்சிலும், ஸ்க்ரூ எல்லாம் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்கிற பழைய இங்கிலாந்து மரை நூலிலும் இருக்கும். அந்த மரை போடுகிற பிஏ டேப் தேடி அலைய வேண்டாம். 7 பிஏ இருக்கிற இடத்தில் மெட்ரிக் எம்2.5, 5 பிஏவுக்கு எம்3, 2 பிஏவுக்கு எம்5 போட்டால் எஞ்சினுக்கு ஒரு குறையும் வராது, அதற்கேற்ற டிரில் 2.1, 2.5, 4.2 மில்லி. 2.1 மட்டும் ஐந்தாறாக வாங்கி வையுங்கள், உடையும்.